நடக்கும் வேலியும் சடைச்சியின் கிணறும்

வேலிகள் நடந்த காலம் ஒன்று இருந்தது. அரசர்களும் இருந்தார்கள், அக்கிரமமும் இருந்தது. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் அக்கிரமம்: தை மாதத்தில் சடைச்சியின் முருங்கை மரம் மேலவீட்டுக்காரன் பக்கம் போனது. மரம் நகரவில்லை, வேலி நகர்ந்தது. இரண்டாவது: மாசியில் அவளுடைய ஆட்டுப்பட்டி போனது. மூன்றாவது: பங்குனியில் துவைக்கிற கல் போனது. மிச்சம் பத்தடி. அதற்கப்பால் கிணறு.

மேலவீட்டுக்காரன் மந்திரவாதி. அவன் கை தட்டினால் அவன் நட்ட கிளுவை வேலி ஆள் போல எழுந்து நடக்கும். ஊர் என்ன செய்தது? வேடிக்கை பார்த்தது. பெரிய மனிதரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது அந்த ஊர் மரியாதை. ஐயா என்பார்கள், பெரியவர் என்பார்கள். சொல்லாமல் சொல்லாமல் அவன் பெயரே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

சடைச்சி கீரை போட்டுப் பிழைப்பவள். உச்சிவெயிலில் தண்ணீர் இறைத்துக் கொல்லையிலுள்ள கல்தொட்டியை நிரப்புவாள். கீரி வரும், உடும்பு வரும், மயில் வரும். மயில் மிளகாய்ச் செடியைக் கொத்திவிட்டுத்தான் குடிக்கும். அவள் திட்டிக்கொண்டே ஊற்றுவாள்.

“தங்கச்சி, சித்திரை முதல் நாள் கிணறும் என் பக்கம் வந்துடும்” என்றான் மந்திரவாதி வேலிக்கு மேலே தலையை நீட்டி.

“அண்ணே, அது என் அம்மா வெட்டின கிணறு.”

“வேலி அப்படிச் சொல்லலையே.”

சடைச்சி அரசரின் மணியக்காரரிடம் ஓலை கொண்டுபோனாள். மேலவீட்டார் மேல் புகார் என்றாள். “மேலவீடு இல்லாத ஊர் எது? பெயர் சொல்லு” என்றார் அவர். மறுவாரம் பெரியவர் என்று எழுதிப் போனாள். “ஊருக்கு நூறு பெரியவர். பெயர் சொல்லு.” மூன்றாம் வாரம் ஐயா என்று எழுதினாள். “ஐயான்னா நானும்தான். என் மேலேயா புகார்?” என்று ஓலையைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் வந்து தொட்டியருகே உட்கார்ந்தாள். கீரி தண்ணீரிலிருந்து தலையை எடுத்தது.

“பெயர் எனக்குத் தெரியும்” என்றது.

“உனக்கு எப்படி?”

“ஒவ்வொரு குச்சிக்கும் தன் பெயரைச் சொல்லித்தான் வேலி நட்டான். நான் புதருக்குள் இருந்தேன். மூன்று பேர் கேட்க வேறொருவர் அந்தப் பெயரை உரக்கச் சொன்னால் மந்திரம் செத்துப்போகும்.”

“நீயே சொல்லக் கூடாதா?”

“என் பேச்சு தண்ணீர் வைத்தவளுக்குத்தான் புரியும். மற்றவர்களுக்கு வெறும் கீரிச் சத்தம்.” அவள் காதருகே வந்து பெயரைச் சொல்லிவிட்டு ஓடியது.

சடைச்சி சாட்சி தேடினாள். பானை செய்யும் வெள்ளையன் தயங்கினான். “மரியாதை போயிடுமே அக்கா.”

“முருங்கை போச்சு, பட்டி போச்சு, கல் போச்சு. மரியாதை மட்டும் எதுக்கு மிச்சம்?”

எண்ணெய் விற்கும் காத்தாயி, “எனக்குப் பேச வராதே” என்றாள்.

“நான் பேசுறேன். நீ காதைக் கொண்டு வா, போதும்.”

ஆடு மேய்க்கும் சன்னாசி ஒன்றும் கேட்கவில்லை. அவன் மேய்ச்சல் நிலமும் அந்த வேலிக்குள்தான் கிடந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

சித்திரை முதல் நாள் காலை. மந்திரவாதி கை தட்டக் கையை உயர்த்தினான். சாட்சிகள் மூவரும் கிணற்றோரம் நின்றார்கள். சடைச்சி ஓலையைப் பிரித்தாள்.

பிறகு நடந்ததை முன்பே சொல்லிவிடுகிறேன். வேலி வந்த வழியே திரும்பி நடந்தது. கல் வந்தது, பட்டி வந்தது, முருங்கை காயோடு வந்தது, சன்னாசியின் மேய்ச்சல் நிலமும் வந்தது. மந்திரவாதி கை வலிக்கத் தட்டினான். ஒரு குச்சியும் அசையவில்லை. இன்றும் அந்தக் கொல்லையில் மயில் மிளகாயைக் கொத்துகிறது, திட்டும் வாங்குகிறது.

இத்தனையும் செய்தது அவள் வாசித்த ஒரே ஒரு வரி. உரக்க வாசித்தாள்:

“வெள்ளையன், காத்தாயி, சன்னாசி மூவரும் கேட்கச் சொல்கிறேன். என் நிலத்தைப் பறித்தவன் மூக்கன் மகன் தவிட்டான்.”