டீசல் குடித்த பலகை

தேங்காய் மண்டி முதலாளி நாச்சிமுத்து வாயைத் திறந்தால் ஏர்ஹாரன் அடித்த மாதிரி இருக்கும். தினமும் காலையில் பிக்கப் வண்டியில் கம்பீரமாக ஏறி உட்காருவார், டீசல் முள்ளைப் பார்ப்பார், அலறுவார்.

"ஏண்டா மாகாளி! நேத்து ரொப்புன டீசல் எங்கடா? குடிச்சுப்போட்டயா, வித்துப்போட்டயா?"

"டேங்க்கு நெறைய இருக்குதுங்க மொதலாளி. முள்ளுதான் பொய் சொல்லுது" என்றான் டிரைவர் மாகாளி.

"அப்ப இப்பவே அதை உண்மை பேச வெய்யி. இல்லாட்டி சாவியைக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போ!"

மண்டியே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. மாகாளி சாவியைத் திருகிவிட்டு, "சித்த எறங்குங்க மொதலாளி" என்றான். அவர் இறங்கினார். முள் சர்ரென்று மேலே ஏறியது.

"இப்ப ஏறுங்க."

ஏறினார். முள் பொத்தென்று விழுந்தது. மறுபடி இறக்கி ஏற்றியபோது, "ஃபுல்லு! காலி!" என்று சுமைக்காரர்கள் கோரஸ் பாடினார்கள்.

"குடிக்கிறது யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க" என்று மாகாளி முதலாளியை இறக்கிவிட்டு, அவர் சீட்டைத் தூக்கினான். அடியில் ஒரு மரப்பலகை. டிரைவரைவிட ஒரு சாண் உசரமாகத் தெரிய வேண்டும் என்று அவரே செருகி வைத்தது. அவர் உட்காரும்போதெல்லாம் அது டேங்க்கிலிருந்து வரும் ஒயரை நசுக்க, முள்ளுக்குக் கரண்டு போகவில்லை.

நசுங்கிய இடத்தை வெட்டி முறுக்கி, டேப் சுற்றினான் மாகாளி. பிறகு பலகையை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்துப் பவ்யமாகக் கேட்டான்: "இதை எங்கீங்க வெக்கட்டும்?"

ஏர்ஹாரனிலிருந்து சைக்கிள் மணிச் சத்தம்தான் வந்தது.

"அடுப்புல வெய்யி... வண்டியை எடுங்க, மாகாளி."