உபதேசியாரும் உப்பாய்ப் போன கிணறும்

பாய்மரக் கப்பல்கள் மட்டுமே கடலில் ஓடிய அந்தக் காலத்திலே, கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே, தெற்கே கடலுக்கும் தேரி என்கிற செம்மணல் மேட்டுக்கும் நடுவிலே ஏலிம்விளை என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் சின்னது. அங்கிருந்த வேதக்கோயில் அதைவிடச் சின்னது. கோயில் வாசலில் இருந்த கிணறு மட்டும் பெரியது. சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். இந்த ஒரு கிணற்றில் நல்ல தண்ணீர். அது இல்லையென்றால் ஊரும் இல்லை.

அந்தக் கிணற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை விளக்கு வைத்ததும் தோண்டியையும் கயிற்றையும் கழற்றிக் கோயிலுக்குள் வைத்துவிடுவார்கள். ஞாயிறு முழுவதும் யாரும் இறைக்கமாட்டார்கள். கிணறு ஊற வேண்டும் அல்லவா? அந்த ஊரில் ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரித்தது கிணறு ஒன்றுதான்.

மற்றவர்களுக்கு நேரம் இல்லை. அவர்களுக்கு உபதேசியார் மாசில்லாமணி நேரம் மிச்சம் வைக்கவில்லை. காலையில் ஜெபக்கூட்டம், மத்தியானம் வீடு சந்திப்பு, சாயங்காலம் பாட்டுப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை இவை மூன்றும் உண்டு, கூடவே ஆராதனையும் உண்டு. அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகம் வேண்டாம். நோயாளிக்கு ஜெபம் பண்ணுவார், நின்றுகொண்டே. பிள்ளைகளை ஆசீர்வதிப்பார், நடந்துகொண்டே. சாப்பாடு மட்டும் ஒரு கால் வாசற்படியிலும் ஒரு கால் தெருவிலுமாக நடக்கும்.

அவர் மனைவி ஞானப்பூ மூன்று வேளையும் ஒரே பேச்சைத்தான் பேசுவாள்.

"கொஞ்சம் உக்காருங்களேன்."

"கர்த்தருடைய வேலை கெடக்கு" என்று அவரும் மூன்று வேளையும் சொல்லுவார். அத்தனை வேலையையும் கர்த்தர்தான் கொடுத்தாரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் கோயிலிலேயே எல்லாருக்கும் அசனச் சாப்பாடு. உள்ளூருக்கு மட்டும் போடுவது உபதேசியாருக்குப் போதவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களையெல்லாம் அழைத்துவிட்டார். அண்டா அண்டாவாகத் தண்ணீர் தேவைப்பட்டது. சனிக்கிழமை விளக்கு வைத்ததும் சபை மூப்பர் ஆசீர்வாதம் வழக்கம்போலத் தோண்டியைக் கழற்ற வந்தார்.

"இருக்கட்டும், மூப்பரே" என்றார் உபதேசியார். "கர்த்தருக்குத்தானே எறைக்கோம். கெணறு பண்டிகை முடிஞ்சு ஓய்ஞ்சுக்கிடட்டும்."

மூப்பர் தோண்டியை விட்டுவிட்டுப் போனார். கர்த்தர் பெயரைச் சொன்ன பிறகு யார்தான் கழற்றுவார்?

இறைத்தார்கள், இறைத்தார்கள், இறைத்துக்கொண்டே இருந்தார்கள். நல்ல தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும், பக்கத்தில் காத்திருந்த கடல் மண்ணுக்குள்ளே மெல்ல நுழைந்து வந்தது. பந்தியில் முதல் கவளத்தை வாயில் வைத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோறு உப்பு. குழம்பு உப்பு. கருப்பட்டிப் பாயசமும் உப்பு. விருந்தாளிகள் மரியாதை தெரிந்தவர்கள். பாயசத்தை மட்டும்தான் வைத்துவிட்டுப் போனார்கள்.

"பங்குனி வெயிலுக்கு முன்ன கெணறு திருந்தலன்னா, நாம ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான்" என்றார் மூப்பர். அதுவரை நல்ல தண்ணீருக்குத் தேரியைத் தாண்டி அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். பெண்கள் குடத்தோடு நடந்தார்கள். ஞானப்பூவும் நடந்தாள்.

உபதேசியார் வெட்கத்தால் குறுகிப்போனார். உண்மையாகவே அழுதார். அழுதுகொண்டே வேலையைத் தொடங்கினார்.

உப்பையெல்லாம் இறைத்துக் கொட்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று இறைத்தார். இன்னும் உப்பு வந்தது. ஆழம் போதவில்லை என்று உள்ளே இறங்கித் தோண்டினார். இன்னும் உப்பு வந்தது. சரி, ஓயட்டும் என்று கடைசியில் கிணற்றை விட்டார். விட்டவர், ஓய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக நாழிகைக்கு ஒரு தோண்டி இறைத்து ருசி பார்த்தார்.

தேரியைத் தாண்டி வந்த ஞானப்பூ குடத்தை இறக்கி வைத்தாள். சுடுமணலில் நடந்து அவள் கால் கொப்பளித்திருந்தது.

"எறைச்சீய, கெட்டுச்சு. தோண்டுனீய, கெட்டுச்சு. ருசி பாத்தீய, அதுலயும் கெட்டுச்சு. இனி ஒண்ணும் செய்யாண்டாம். இங்கன உக்காந்து, யாரும் எறைக்காமப் பாத்துக்கிடுங்க. அதுதான் ஒங்க ஊழியம்."

"ஜெபக்கூட்டம்?"

"மூப்பர் நடத்துவாரு."

"சீக்காளிய?"

"நான் போயிப் பாக்கேன்."

"பாட்டுப் பயிற்சி?"

"கொஞ்ச நாளைக்கு ஊரு அமைதியா இருக்கட்டும்."

தோண்டியையும் கயிற்றையும் அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உபதேசியார் உட்கார்ந்தார். முதல் நாள் உடம்புதான் உட்கார்ந்தது, கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன. இரண்டாம் நாள் கால்கள் அடங்கின, மனசு அடுத்த பண்டிகைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவருக்குப் பயம் வந்தது. ஓடாத உபதேசியாரை வைத்துக்கொண்டு கர்த்தர் என்ன செய்வார்? அதை அவரிடமே கேட்டுவிட்டுக் கிணற்றுச் சுவரில் சாய்ந்தார். பதில் வரவில்லை, காற்று வந்தது. சும்மா கிடக்கிற தன்னையும் ஒருவர் பிரியமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. அத்தனை வருஷம் பிரசங்கம் பண்ணிய சங்கதிதான். அன்றைக்குத்தான் அதை நம்பினார்.

பிறகு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். எழுந்து ஓட இடமில்லாததால் அவர் முழுதும் கேட்டார்.

நாட்கள் போயின. கிணற்றை எட்டிப் பார்க்க எவருக்கும் துணிவில்லை. பங்குனி நெருங்கியது, சில வீடுகளில் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் மத்தியானம் ஞானப்பூ குடத்தோடு தேரிக்குக் கிளம்பினாள். கிணற்றடியில் உபதேசியார் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாள் முதல் அவர் பகலில் தூங்கி அவள் பார்த்ததில்லை. அந்த முகத்தை விட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தோண்டியை எடுத்து வந்தாள். காவல்காரர் தூங்கும்போது காவல்காரர் மனைவி ஒரே ஒரு தோண்டி இறைத்தாள். அங்கேயே கல் கூட்டிச் சோறும் குழம்பும் வைத்தாள். உப்புத் தண்ணீருக்குத் தனியாக உப்பு எதற்கு என்று உப்புப் போடவில்லை.

உபதேசியார் விழித்தார். அவள் இலை போட்டாள். அவர் சம்மணம் கூட்டி உட்கார்ந்து ஒரு கவளம் சாப்பிட்டார், இரண்டாம் கவளம் சாப்பிட்டார், மூன்றாம் கவளத்தில் நிறுத்தினார்.

"ஞானப்பூ, கொழம்புல உப்பு இல்லியே."

அவள் கையில் அகப்பை அப்படியே நின்றது. அவளும் ஒரு வாய் அள்ளிப் போட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஊர் பிழைத்துக்கொண்டது.

உபதேசியார் கோயில் மணியடிக்கத் துள்ளி எழுந்தார். பாதி எழுந்தவர் அவளைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், மறுபடியும் உட்கார்ந்தார்.

"கெணறு எங்கயும் போயிராது" என்றார். "நீயும் ஒரு இலையப் போடு."

ஆகையால் கேட்டவர்களே, ஆண்டவருக்காக உழைக்கிற மனிதனும் ஓய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஊறவிடாமல் இறைத்தால் நல்ல மனசும் உப்பாய்ப் போகும்.