ஆந்தையார் அறையில் டொக் டொக்

அலையாத்திக் காட்டு விலங்குகளுக்குச் சொந்தமாக ஓர் உல்லாசக் கப்பல் இருந்தது. பெயர் அல்லிராணி. மழைக்காலம் முடிந்ததும் காட்டில் இருக்கிற பாதிப் பேர் அதில் ஏறி, அக்கரைத் தேக்கங்காடு வரை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள். ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு மரக்கதவு, வேளைக்கு ஓர் இளநீர் என்று ஏக வசதி!

கப்பலுக்குக் கேப்டன், ஆழ்வாரப்பன் என்கிற கிழட்டு ஆமை. பயணிகளைக் கவனித்துக்கொள்ளச் சிங்காரம் என்கிற குரங்கு. இவர்களைவிட முக்கியமான ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் உலகளந்தார் என்கிற ஆந்தை. இருட்டியதும் பாய்மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, பாறை தெரிந்தால் அலறிச் சொல்வது அவர் வேலை. அக்கரைக்குப் போகிற வழியில் நாய்ப்பல் பாறைகள் என்று ஓர் இடம் இருக்கிறது. பேரைக் கேட்டாலே தெரியவில்லையா? அங்கே உலகளந்தார் கண் அசந்தால் கப்பலோடு எல்லாரும் கடலுக்கடியில்தான்.

ஆகவே உலகளந்தார் பகலில் நன்றாகத் தூங்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு காரியம்தான் நடக்கவில்லை!

கப்பல் கிளம்பும்போது அவர் மனைவி ஒரு கறுப்புக் கயிற்றைக் கொடுத்தாள். அதன் நுனியில் ஒரு படிகாரக் கல் தொங்கியது. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுங்க. மறக்காம அறை வாசல்ல கட்டுங்க!" என்றாள்.

உலகளந்தார் ஏறினதும் முதல் வேலையாக நிலைக்கு மேலே ஓர் ஆணியில் அதைக் கட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். படுத்தார்.

கப்பல் ஆடியது.

டொக்!

உலகளந்தார் ஒரு கண்ணைத் திறந்தார். மறுபடி மூடினார்.

டொக்... டொக்!

"யார்ரா அது?" என்று எழுந்து கதவைத் திறந்தார். வாசலில் யாரும் இல்லை. சத்தமும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் படுத்தார்.

டொக்!

உங்களுக்கு விஷயம் புரிந்துபோயிருக்கும். எனக்கும் புரிகிறது. உலகத்தையே அளந்தவருக்குப் புரிய வேண்டுமே! அவர் மெத்தைக்கு அடியில் பார்த்தார். கூரைப் பலகையைத் தட்டினார். ஜன்னல் கொக்கியைத் துணி வைத்து இறுக்கினார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வெளியே வைத்தார். மத்தியானம் ஆனபோது அவர் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தன.

சிங்காரத்தைக் கூப்பிட்டார்.

"தம்பி, என் அறையில டொக் டொக்னு சத்தம்! தூக்கமே இல்லப்பா!"

"அடடா! ஐயாவுக்கு ஓர் இளநீர் கொண்டு வரட்டுமா?"

"இளநீர் எதுக்குடா? சத்தத்தை நிறுத்து!"

சிங்காரம் போய்க் கேப்டனைக் கூட்டி வந்தான். ஆழ்வாரப்பன் வாசற்படி ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. கதவு விரியத் திறந்தே கிடந்தது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு சத்தமும் இல்லை!

"ஒண்ணுமே கேட்கலையே உலகளந்தாரே!" என்றார் கேப்டன்.

"இவ்வளவு நேரம் கேட்டுதுங்க! இப்பதான் நின்னுது! சத்தியமா!"

"வயசானா காதுக்குள்ள சில சத்தம் வரத்தான் செய்யும். எனக்கும் வருது" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் திரும்பினார். அவர் திரும்பி முடிப்பதற்குள் பாதிச் சாயங்காலம் ஆகிவிட்டது. சிங்காரம் காதில் வைத்துக்கொள்ளக் கொஞ்சம் இலவம்பஞ்சைக் கொடுத்துவிட்டுப் போனான். கதவு சாத்தப்பட்டது.

டொக்!

உலகளந்தாருக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி நாலு பேர் வந்தால் நிற்கிறது, போனால் கேட்கிறது என்றால் இது வெறும் சத்தமா? இல்லவே இல்லை! யாரோ கண் வைத்துவிட்டார்கள்! படிகாரம் மட்டும் போதாது போலிருக்கிறது என்று முடிவு செய்தார். சமையற்கட்டிலிருந்து ஒரு முற்றின தேங்காயை வாங்கி, சிவப்புத் துணியில் சுற்றி, அதே கயிற்றில் கட்டினார்.

மறுநாள் பகலில் சத்தம் டொக் என்று கேட்கவில்லை. டொம் என்று கேட்டது!

"ஐயோ! திருஷ்டி முத்திப்போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் உலகளந்தார்.

சிங்காரம் அந்தப் பக்கமாக இளநீர்த் தட்டோடு போகும்போதெல்லாம் அந்தத் தேங்காய் கதவில் இடிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் போனான். ஆனால் வாய் திறக்கவில்லை. ஒருவர் கட்டிய திருஷ்டிக் கயிற்றைப் பற்றிப் பேசினாலோ, தொட்டாலோ அந்தக் கண்ணேறு தன்மேல் வந்துவிடும் என்று அவனுக்குப் பயம். நமக்கேன் வம்பு என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான். இப்படி ஒரு பிள்ளை!

அடுத்த அறையில் செங்கமலம் என்கிற மரங்கொத்தி இருந்தாள். அக்கரைத் தேக்கங்காட்டில் கூடு கட்டிக் குடியேறப் போகிறவள். தன்பாட்டுக்கு இருந்தாள். உலகளந்தார் இரவுப் பணி முடிந்து காலையில் இறங்கி வரும்போது அவள் வாசலில் நின்று அலகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தார், ஆந்தை. அவ்வளவுதான், மூளையில் விளக்கு எரிந்துவிட்டது!

"ஓகோ! நீதானா அது?"

"எதுண்ணே?"

"கொத்துறது! பகல் பூரா டொக்கு டொக்குன்னு என் உசிரை வாங்குறது!"

"நானா? நான் ஏண்ணே கொத்தப் போறேன்?"

"கொத்துறதுதானே உன் பொழைப்பு! பேரே அதுதானே!"

செங்கமலத்துக்குச் சுருக்கென்றது. "அண்ணே, மரத்துல புழு இருந்தாத்தான் நான் கொத்துவேன். இது கப்பல்! கொத்தி ஓட்டை போட்டா நானும் சேர்ந்துதானே முழுகுவேன்? அந்த அறிவுகூடவா எனக்கு இல்ல? எனக்கும்தான் அந்தச் சத்தம் கேக்குது. உங்க பக்கத்துலேர்ந்துதான் வருது!"

"பாத்தியா பாத்தியா! என் மேலயே திருப்புறா!"

உலகளந்தார் அறையை மாற்றக் கேட்டார். கப்பலின் மறுகோடியில் ஓர் அறை கொடுத்தார்கள். அவர் முதலில் எதை எடுத்துக்கொண்டு போனார் என்று நினைக்கிறீர்கள்? போர்வையையா? தலையணையையா? கயிற்றைத்தான்! புது நிலையில் ஆணி அடித்து, படிகாரமும் தேங்காயும் சேர்த்துக் கட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கதவைச் சாத்திப் படுத்தார்.

டொம்!

"அங்கேயிருந்தே பலகை வழியா அனுப்புறா!" என்று கத்திக்கொண்டு கேப்டனிடம் ஓடினார். "கேப்டன்! நாய்ப்பல் பாறை வரப் போகுது. எனக்குத் தூக்கம் இல்ல. அங்க என் கண்ணு சொருகிப்போச்சுன்னா நான் பொறுப்பில்ல! கப்பல்ல ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

பாறை என்ற சொல்லைக் கேட்டதும் பயணிகள் நடுங்கிப்போனார்கள். "மரங்கொத்தியை இறக்கி விடுங்க!" என்று ஆளாளுக்குக் கூச்சல் போட்டார்கள். யாராவது ஒருவர் போய் அந்தக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்களா? மாட்டார்கள். கூச்சல் போடுவது சுலபம், பாருங்கள்.

வழியில் ஒரு மணல்திட்டு வந்தது. கப்பல் அங்கே நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். ஒரு செடிகூட இல்லை.

"கேப்டன்! மரமே இல்லாத இடத்துல மரங்கொத்தி என்னத்தைத் தின்னும்?" என்று கேட்டாள் செங்கமலம்.

"திரும்பி வரும்போது ஏத்திக்கிறேம்மா" என்று ஆழ்வாரப்பன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். வெட்கப்பட்டால் ஆமைக்கு அது ஒரு சௌகரியம்.

அவளை இறக்கிவிட்டார்கள். அந்தத் திட்டின் மறைவில் தண்ணீர் குளம்போலக் கிடந்தது. கப்பல் அசையவில்லை. கயிறும் அசையவில்லை. உலகளந்தார் காதை வைத்துக் கேட்டார். நிசப்தம்!

"பாத்தீங்களா! அவ இறங்கினா, சத்தம் நின்னுபோச்சு! நான் சொன்னா யாரு கேட்டீங்க?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்! எல்லாரும் கை தட்டினார்கள். உலகளந்தார் சந்தோஷத்தில் கரையோரம் கிடந்த ஒரு பெரிய சங்கைப் பொறுக்கி வந்து, போனவள் ஏதும் சாபம் விட்டிருந்தால் என்ன செய்வது என்று அதையும் அதே கயிற்றில் கட்டிவைத்தார். அப்புறம் படுத்தார். முதல் குறட்டை வந்தது.

நங்கூரம் தூக்கினார்கள். கப்பல் ஆடியது.

டொக்! டொம்! டணார்!

உலகளந்தார் எழுந்து உட்கார்ந்தார். யாரிடம் போய்ச் சொல்வார்? இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணி ஒருத்தியை இறக்கிவிட்ட பிறகு, 'இன்னும் சத்தம் கேட்கிறது' என்று எந்த முகத்தோடு சொல்வது? அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும், கேப்டன் கப்பலைத் திருப்பியிருப்பார். மானம் போய்விடுமே! பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு சாயங்காலம் வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாய்ந்தது. உலகளந்தார் தள்ளாடித் தள்ளாடிப் பாய்மரத்தில் ஏறினார். நாய்ப்பல் பாறைகள் எதிரே வந்தன. அவர் கொட்டாவி விட்டார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண் மூடியது.

மடார்!

பயணிகள் உருண்டார்கள். இளநீர்கள் உருண்டன. அல்லிராணியின் விலாவில் ஒரு பலகை உடைந்து, தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

"தூங்கிட்டீரா உலகளந்தாரே?" என்று அலறினார் கேப்டன்.

ஆந்தை தட்டுத்தடுமாறிப் பாய்மரத்திலிருந்து இறங்கினார்.

கப்பலைத் திருப்பினார்கள். கரடியிலிருந்து முயல் வரை எல்லாரும் குடம் குடமாகத் தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். பக்கத்தில் இருந்த கரை எது? அதே மணல்திட்டுதான்! விடிகிற வேளையில், இறைத்து இறைத்துக் கை ஓய்ந்துபோய், எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் அலை அடிக்கிற பக்கத்திலேயே கப்பலை மணலில் ஏற்றினார்கள்.

செங்கமலம் மணலில் உட்கார்ந்திருந்தாள். காலில் ஒரு காயம்.

"என்னம்மா கால்ல?" என்றான் சிங்காரம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பசி தாங்கல. நண்டு பிடிக்கலாம்னு போனேன். நண்டு என்னைப் பிடிச்சிடுச்சு!" என்றாள் அவள். பிறகு கப்பலின் ஓட்டையைப் பார்த்தாள். "இதையும் நான்தான் கொத்தினேனா?"



கேப்டன் மெல்லத் தலையை வெளியே நீட்டினார். "அம்மா, இந்த ஓட்டையை அடைக்க ஒரு பலகை வேணும். அளவாச் செதுக்க உன் அலகை விட்டா எங்களுக்கு வேற வழி இல்ல."

"பலகைக்கு எங்க போறது? இங்கதான் மரமே இல்லையே!" என்றாள் செங்கமலம்.

"என் அறைக் கதவை எடுத்துக்குங்க" என்றார் உலகளந்தார். அவருக்கே அவர் குரல் கேட்கவில்லை.

எல்லாரும் அவர் அறைக்குப் போனார்கள். கதவு சாத்தியிருந்தது. எல்லாரும் வெளியே நின்றார்கள். இத்தனை நாளில் முதல் தடவையாக உலகளந்தாரும் சாத்திய கதவுக்கு வெளியே நின்றார்.

ஓர் அலை வந்து கப்பலை லேசாகத் தூக்கிப் போட்டது. கயிறு பின்னால் போய் முன்னால் வந்தது.

டொக்! டொம்! டணார்!

படிகாரம். தேங்காய். சங்கு.

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். அப்புறம் ஆந்தையைப் பார்த்தார்கள். ஆந்தைக்குக் கண் பெரிது. அன்று அது இன்னும் பெரிதாயிற்று.

"இது எனக்கு முதல்லயே தெரியும். சாமி சமாச்சாரமாச்சேன்னு நான் சொல்லலீங்க" என்று சிங்காரம் முனகினான்.

"அட பாவி! இளநீர் கொடுக்கத் தெரிஞ்ச வாய்க்கு இதைச் சொல்லத் தெரியலையா?" என்று கேப்டன் பாய்ந்தார்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்றாள் செங்கமலம். "உலகளந்தாரே, கதவைச் செதுக்கித் தரேன். ஆனா அதுக்கு முன்னால, எந்த வாயால எல்லார் முன்னாலயும் என்னைக் குத்தம் சொன்னீங்களோ, அந்த வாயாலயே இதையும் சொல்லிடுங்க."

உலகளந்தார் தளத்தில் ஏறி நின்றார். "கொத்தினது செங்கமலம் இல்ல. என் வாசல்ல நான் கட்டின என் கயிறு. அவ மேல பழி போட்டேன். சத்தம் திரும்பக் கேட்டப்பகூட வெட்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம இருந்தேன். உங்க எல்லாரையும் முழுகடிக்கப் பாத்தேன். என்னை மன்னிச்சிடுங்க!"

செங்கமலம் கதவை ஓட்டைக்கு அளவாகக் கொத்திக் கொடுத்தாள். டொக் டொக் என்று சத்தம் கப்பல் முழுக்கக் கேட்டது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

வேலை முடிந்ததும் உலகளந்தார் கயிற்றை அவிழ்த்துக் கடலில் எறியப் போனார்.

"எறியாதீங்க!" என்று தடுத்தாள் அவள். "வீட்டம்மா ஆசையாக் கொடுத்தது. அது அங்கயே தொங்கட்டும். இனிமே உங்களுக்குக் கதவுதான் இல்லையே, எதுல போய் இடிக்கும்?"

கப்பல் மறுபடி கிளம்பியது, இந்தத் தடவை செங்கமலத்தையும் ஏற்றிக்கொண்டு. கதவில்லாத வாசலில் படிகாரமும் தேங்காயும் சங்கும் பேசாமல் ஆடிக்கொண்டிருந்தன. உலகளந்தார் பகல் முழுக்கத் தூங்கினார். அவர் விட்ட குறட்டையைத்தான் மறுகோடி அறையில் இருந்த செங்கமலத்தால்கூடத் தாங்க முடியவில்லை. ஆனாலும் அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். அன்று பொழுது சாய்ந்ததும் ஆந்தை ஒவ்வொரு பாறையையும் அலறி அலறிச் சொல்ல, அல்லிராணி நாய்ப்பல்லில் மாட்டாமல் தாண்டிப் போனது.

பக்கத்து வீட்டுக்காரர்மேல் பழி போடுவதற்கு முன்னால், ஒரு தடவையாவது வெளியே வந்து நின்று நம் வீட்டு வாசலை நாமே பார்த்துவிட வேண்டும்.