காயாத மனு

நாவற்காட்டில் ஒரு பஞ்சாயத்து இருந்தது. தலைவர் யானையார். உறுப்பினர் நரியார். எழுத்தர் ஒரு மைனா. இந்தக் கதை அந்த மைனாவைப் பற்றியது.

யாருக்குக் குறை இருந்தாலும் ஒரு புங்க இலையைப் பறித்து வர வேண்டும். மைனா தன் அலகால் அதில் குறையைக் குத்தி எழுதி, ஆலமரப் பொந்தில் வைக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி காலையில் சபை கூடும். அன்று பச்சையாக இருக்கிற இலை மட்டும்தான் மனு. காய்ந்து போனால் குறை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்!

சிரிக்காதீர்கள், சட்டம் அப்படித்தான். பறித்த இலை எத்தனை நாள் தாங்கும்? ஆனால் அதைக் கேட்க அந்தக் காட்டில் ஒரு வாய் இல்லை.

"நிலுவையில் ஒரு மனுவும் இல்லை, தலைவரே!" என்று மைனா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் படிக்கும். யானையார் காதை ஆட்டிச் சந்தோஷப்படுவார். சருகுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு மைனாவும் நிம்மதியாகத் தூங்கும்.

அந்தக் கோடையில் குளம் வற்றிவிட்டது. மலையடி ஊற்றில் மட்டும் தண்ணீர். குகைமேட்டில் கண் தெரியாத கிழமான், காலொடிந்த முயல், ஈன்று இரண்டு நாளான பன்றி என்று நடக்க முடியாதவர்கள் கிடந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தண்ணீர் சுமந்தவள் சாம்பலி என்கிற கழுதை. முதுகில் இரண்டு பானை, ஒரு நாளைக்கு நாலு நடை. பஞ்சாயத்தில் அவளுக்கு அதுதான் வேலை.

பானை உராய்ந்து சாம்பலியின் தோளில் தோல் வழன்றது. அவளும் இலை கொண்டுவந்தாள். இலை காய்ந்தது. குறை தீர்ந்துவிட்டது!

அந்தப் பௌர்ணமியன்று நரியார் எழுந்தார். "தலைவரே, நாலு நடை எதுக்கு? மண்குளவிகளிடம் ஒரு பெரிய பானை வாங்குவோம். ஒரே நடையில் வேலை முடிஞ்சிடும்!"

குளவிகள் மாதிரிக்கு ஒரு பானை கொண்டுவந்து வைத்தன. அடேயப்பா, ஒரு கரடிக்குட்டி உள்ளே படுத்துத் தூங்கலாம்! யானையார் துதிக்கையால் தூக்கிப் பார்த்தார். பானை காலி.

"பஞ்சு மாதிரி இருக்கே! வாங்கிடுங்க!" என்றார்.

சாம்பலி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குப் பத்து நாள் இருந்தபோது சாம்பலி மறுபடியும் ஒரு இலையோடு வந்தாள். வந்தவள் மரத்தில் சாய்ந்துகொண்டாள். தோளில் புண் வாய் பிளந்திருந்தது, ஈ மொய்த்தது.

"ஐயையோ! என்னக்கா இது?" என்று மைனா பதறியது.

"பெரிய பானை தங்கச்சி. நிறைஞ்சா மலையே ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. நேத்து வழியில முழங்கால் மடிஞ்சு விழுந்துட்டேன், தண்ணி பூராவும் கொட்டிப்போச்சு. கிழமான் நாக்கு வறண்டு கிடந்துச்சு, பாவம்."

"நரியாரிடம் சொன்னியா?"

"சொன்னேன். முடியலேன்னா சொல்லு, வேற ஆள் பாக்கறோம்னாரு. வேற யாரு இருக்கா? நான் படுத்துட்டா அதுங்க செத்துப்போகும். இதையாவது எழுதிக்கோ. போன தடவை இலை காஞ்சுபோச்சாமே, என் தலையெழுத்து!"

அந்தச் சருகைக் கூட்டித் தள்ளியது மைனாதானே! 'ஒரு மனுவும் இல்லை' என்று வாய் கூசாமல் படித்ததும் அதுதானே! வெட்கத்தில் அதற்கு அழுகை வந்துவிட்டது.

அது இலையைக் காம்போடு வாங்கி, குறையைக் குத்தி எழுதியது. பிறகு தன் பங்குத் தண்ணீரைப் பார்த்தது. கோடையில் ஆளுக்கு ஒரு நத்தை ஓடு தண்ணீர்தான் அளந்து கொடுப்பார்கள். மைனா அந்த ஓட்டில் இலைக் காம்பைச் செருகியது. விடிகாலையில் புல்லில் இருந்த பனித்துளியை மட்டும் கொத்திக் குடித்துக்கொண்டது.

பத்து நாளும் அப்படித்தான். தொண்டை காய்ந்தது, இறகு கலைந்தது. "பைத்தியமா உனக்கு? சம்பந்தமில்லாத வேலை!" என்று நரியார் ஏசினார். மைனா காம்பை இன்னும் ஆழமாகச் செருகியது.

பௌர்ணமி வந்தது. சபை கூடியது.

"மனு ஏதாவது உண்டா?" என்று யானையார் வழக்கம்போலக் கேட்டார்.

"ஒன்று உண்டு, தலைவரே!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இலை பச்சைப் பசேலென்று இருந்தது.

"இந்த வெயிலில் இது எப்படிக் காயாமல் இருந்தது?"

"என் தண்ணியை அதுக்குக் கொடுத்தேன், தலைவரே. அது காய்ஞ்சா சாம்பலி அக்காவும் காய்ஞ்சுபோவாங்க."

"இது மோசடி!" என்று நரியார் துள்ளினார்.

"சும்மா இரும்!" என்று யானையார் அதட்டினார். இலையை வாங்கிப் படித்தார். எழுந்துபோய்ச் சாம்பலியின் தோளைப் பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"காலிப் பானையைத் தூக்கிப் பார்த்துட்டுப் பஞ்சுன்னு சொன்னேனே! என்னை மன்னிச்சிடு தாயி. உனக்கு என்ன வேணும்? நீயே சொல்லு."

சாம்பலி விழித்தாள். இதுவரை அவளை இப்படி யாரும் கேட்டதில்லை.

"சொல்லுக்கா!" என்றது மைனா.

"ரெண்டு சின்னப் பானை போதும் ஐயா. அடியில மெத்துனு ஒரு புல் சும்மாடு. அப்புறம்... புண் ஆற நாலு நாள் லீவு."

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாள்?" என்றார் யானையார்.

அன்றே குளவிகளிடம் சின்னப் பானை சொல்லியாயிற்று. பெரிய பானை குகைமேட்டுக்குப் போனது, தண்ணீர் சேர்த்துவைக்க. சாம்பலி குளவிகளை உட்கார வைத்து, தன் முதுகுக்கு அளவு எடுக்கச் சொன்னாள். புண் ஆறும்வரை யானையாரே தண்ணீர் சுமந்தார். வழியெல்லாம் முனகிக்கொண்டே உடன் போனவர் நரியார். குறை வந்த அன்றைக்கே கேட்பது என்று சட்டமும் மாறியது.

முதல் நடைத் தண்ணீர் வந்ததும் யானையார் மைனாவைத்தான் முதலில் குடிக்கச் சொன்னார். அது குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. சாம்பலி பக்கத்தில் நின்று, வெயில் படாமல் அதற்குத் தன் நிழலைக் கொடுத்தாள்.

சுமக்கிறவரைக் கேட்காமல் வாங்குகிற பொருள், சுமையைக் குறைக்காது, கூட்டவே செய்யும்.