மாசானம் கம்பளம் தைத்த கதை

கடவுள் மூளையைப் பங்கு வைத்த அன்று, வரிசை நீளமாக இருக்கிறதே என்று டீ குடிக்கப் போய்விட்ட மூன்று பேர் வெட்டிக்குளத்தில் இருந்தார்கள். மூத்தவன் மாசானம். மற்ற இருவரும், தங்கப்பழமும் குப்புராஜும், அவனைப் பெரிய அறிவாளி என்று நம்பினார்கள். இதை வைத்தே அந்த இருவரையும் எடைபோட்டுக்கொள்ளலாம்.

மாசானம் புதுவீடு கட்டியிருந்தான். பின்வாசல் வைத்தால் திருடன் வருவான் என்று ஒரே வாசலோடு நிறுத்திவிட்டான். சன்னலுக்கெல்லாம் கம்பி. பால் காய்ச்ச நாளும் குறித்தாயிற்று.

அவன் மாமியார் சொர்ணத்தம்மாள் மூத்த மருமகனுக்கு நாற்காலி போடுவாள், மாசானத்துக்குப் பாயைக் காட்டுவாள். "ஒரு ஆணி அடிக்கத் துப்பு உண்டா இதுக்கு?" என்று அவன் காதுபடவே கேட்பாள். அது அவனுக்கு ஆறாத புண். தன் கையாலேயே கம்பளம் தைத்து, பால் காய்ச்சும் அன்று வாசலில் விரித்து, அந்த நாற்காலியைப் பிடித்தே தீருவது என்று சபதம் போட்டான்.

செல்போன் வீடியோவில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். துப்பாக்கி மாதிரி ஒரு மிஷின்; அதில் நூலைக் கோத்துத் துணியில் குத்திக்கொண்டே போனால் கம்பளம். மிஷின் வந்து இறங்கியது. அதைக் கண்டதும் தங்கப்பழம் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். இறக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறகு, என்ன படம் போடுவது என்று சபை கூடியது.

"சாமி படம் கூடாதுல. மிதிச்சா பாவம்" என்றான் குப்புராஜ்.

"தலைவர் படம் போட்டா கட்சிக்காரன் நம்மள மிதிப்பான்" என்றான் தங்கப்பழம்.

மாசானம் கண்ணை மூடி யோசித்தான். "எங்க அத்தை மொகத்தப் போடுவோம்ல. வீட்டுக்கு வாரவன் ஒருத்தன் விடாம அவங்க மொகத்துல முழிச்சு, அதுலயே காலத் தொடச்சுட்டு உள்ள வரட்டும். இதவிட என்னல மரியாத வேணும்?"

கேட்ட இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"கெட்டியான மரச்சட்டத்தில் துணியை இழுத்து ஆணி அடியுங்கள்" என்றாள் வீடியோப் பெண். அந்த வீட்டில் இருந்ததிலேயே கெட்டியான மரச்சட்டம் வாசல் நிலைதான். கதவை உள்பக்கமாகத் திறந்து வைத்துவிட்டு, வாசலை அடைத்துத் துணியை அறைந்தார்கள். "துணிக்குப் பின்னால் நின்று தையுங்கள், படம் முன்னால் வரும்" என்றாள். மூவரும் வீட்டுக்குள் நின்று தைத்தார்கள். "பசை தடவி, காயும்வரை கழற்றவே கூடாது" என்றாள். தடவி முடித்த பிறகுதான் குப்புராஜுக்குப் பீடி வாங்கப் போகவேண்டும் என்று தோன்றியது.

பால் காய்ச்சும் நாள் விடிந்தது. வெளியே பால்குடத்தோடு மாசானத்தின் மனைவியும் சொந்தபந்தமும் நின்றார்கள்.

"நல்ல நேரம் போகுது மருமவனே, கதவத் தெறங்க!" என்று கத்தினாள் மாமியார்.

"கதவு தெறந்துதான் இருக்கு அத்த. கம்பளம்தான் காயல."

"அத அறுத்துட்டு வெளிய வாங்க!"

உள்ளே மறுபடி சபை கூடியது.

"நல்ல நாளும் அதுவுமா அத்தை மொகத்த அறுக்கவா?" என்று பதறினான் குப்புராஜ்.

"சொவரு நம்ம சொவருதானல? இடிச்சா எவன் கேப்பான்?" என்றான் தங்கப்பழம்.

கொத்தனார் விட்டுப்போன கடப்பாரை மூலையில் கிடந்தது. வாசலுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் நிமிர்ந்து வரும் அளவுக்குச் சுவரைப் பெயர்த்து, மூவரும் சிமெண்டுத் தூசியோடு வெளியே வந்து, கம்பளத்தைப் பார்த்துப் பூரித்து நின்றார்கள்.

மாமியார் தன் முகத்தையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள். ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து மகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, மூத்த மருமவனுக்குப் போடுற நாற்காலிய இவருக்குப் போடு. எந்திரிச்சு நின்னா மிச்ச சொவரும் போயிரும்."

மாசானம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டான். பிறந்த பயனை அடைந்துவிட்டான்.

"இம்புட்டுப் பெரிய ஓட்டையப் போட்டு வச்சிருக்கீரே, திருடன் வரமாட்டானா?" என்றாள் மாமியார்.

மாசானம் சிரித்துக்கொண்டே எழுந்தான். திறந்து கிடந்த வாசல் கதவைச் சாத்தினான், பூட்டினான், இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். சாவியை மாமியார் கையில் வைத்துவிட்டு, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இனி எவன் வருவான் அத்த?"