பனியில் வைத்த போட்டி

ஒரு மலைக் காட்டில், குளிர் வாட்டும் உச்சியில் புல் வளர்ந்திருந்தது. கீழே வெதுவெதுப்பான பள்ளத்தில், ஊற்றைச் சுற்றிச் சீப்புப் பல் போன்ற இலைகளோடு பெரணிகள் அடர்ந்திருந்தன. புல்லில் ஒரு தாய் முயல் தன் குட்டிகளோடு வாழ்ந்தது. பெரணி நிழலில் ஒரு தவளை குடியிருந்தது. இரண்டும் குடித்தது அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான்.

மார்கழியில் ஒரு காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு கிழங்கு தேடி வந்தது.

"நான் நியாயம் பார்க்கிறவன். புல், பெரணி இரண்டில் எது மட்டமோ, அது இருக்கும் இடத்தைத்தான் கிளறுவேன்" என்றது.

பசியோடு வருகிறவன் நியாயம் பேசினால் பயப்படத்தான் வேண்டும். முயல் பதறியது. புல் போனால் பருந்தின் கண்ணில் படாமல் குட்டிகளை எங்கே ஒளிப்பது?

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு ஐயா? ஒரு பெரணியைப் பிடுங்கி வந்து புல்லுக்குப் பக்கத்தில் நடுங்கள். காலையில் எது நிற்கிறது என்று பாருங்கள்" என்றது முயல்.

"பெரணிக்குப் பனி ஆகாதே. புல்லையும் எங்கள் ஈர நிழலில் நட்டு, ஒரு மழைக்காலம் பாருங்கள்" என்றது தவளை.

"அதுவரை நான் பட்டினி கிடக்கவா?" என்று பன்றி உறுமியது.

"முயலக்கா, நீயே சொல். இது நியாயமா?" என்று தவளை கேட்டது.

நியாயமில்லை என்று முயலுக்குத் தெரியும். ஆனாலும், தனக்கு மிஞ்சித்தானே தருமம் என்று நினைத்து அது குட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டது. அன்று மாலையே பன்றி ஒரு பெரணியைப் பிடுங்கி வந்து புல்லுக்குப் பக்கத்தில் நட்டது.

விடிந்தபோது எங்கும் உறைபனி படிந்திருந்தது. வெயில் ஏறியதும் புல் நிமிர்ந்தது. பெரணி கறுத்துச் சுருண்டு கிடந்தது.

"புல்லே உயர்ந்தது" என்று பன்றி தீர்ப்புச் சொன்னது. பொழுது சாய்வதற்குள் பள்ளத்தில் ஒரு பெரணிகூட மிஞ்சவில்லை. பன்றிகள் வயிறு நிறைந்ததும் வேறு காட்டுக்குப் போய்விட்டன.

பங்குனி வெயில் நிழலில்லாத ஊற்றின் மேல் நேராக விழுந்தது. தாகத்தில் துவண்ட குட்டிகளோடு முயல் இறங்கி வந்தது. ஊற்று இருந்த இடத்தில் வெடித்த சேறுதான் இருந்தது. ஓரத்தில் தவளை மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது.

"தண்ணீர் எங்கே தம்பி?"

"பெரணி காத்துவந்த தண்ணீர் அக்கா அது. போட்டியில் நாம்தான் அதைத் தோற்கவைத்தோமே" என்றது தவளை. 'நீ' என்று சொல்ல அதற்கு மனம் வரவில்லை.

முயல் அழுதது. குட்டிகள் சேற்றை நக்கிப் பார்த்துவிட்டு, தாயின் முகத்தைப் பார்த்தன.

நீதி: உனக்குச் சாதகமான இடத்தில் நிறுத்தி அடுத்தவரை எடை போடாதே, அவருடைய இழப்பு உன் வாசலுக்கும் வரும்.