விழுதைக் கடிச்சது யாரு?

"நன்றி கெட்டவளா நானு? இன்னொரு தரம் சொல்லுங்க, கெழக்குக் கெளை முழுக்கக் கேக்கட்டும்."

பொந்து வாசல்ல வால விரிச்சு நின்னு கத்துனா வரிச்சிங்கிற அணில். ஆலமரத்து நடுத்தண்டுல இருந்த அந்தப் பொந்துக்குள்ள ஆந்தைங்க குடியிருந்துச்சுங்க. அதுங்கதான் மொத்த மரத்தையும் ஆண்டுச்சுங்க. அதுங்கள முழுசா யாரும் பாத்ததில்ல. இருட்டுக்குள்ள மஞ்சக் கண்ணு மட்டும் தெரியும். பேசுனா, வாசல்ல நிக்கிற ஆளோட காதுக்கு மட்டும்தான் கேக்கும்.

"உங்க தண்ணியக் குடிக்கிறோமா? எங்க பழத்துல பாதி எங்க போகுது பொந்துக்காரரே? வெயில் படுறது எங்க பக்கம். பழுக்குறது எங்க பக்கம். கொட்டுறது மட்டும் உங்க பொந்துல. தனி மரமாப் போறோம்னு கேட்டா நன்றி கெட்ட கூட்டமா?"

உள்ளேருந்து என்னமோ பதில் வந்துச்சு. வரிச்சிக்கு மீசை துடிச்சுது.

"வேர் இல்லாதவங்க நாங்களா? சரி. நீங்க இப்பச் சொன்னத நான் சத்தமாத் திருப்பிச் சொல்றேன். மழை முடியறதுக்குள்ள எங்க கெளை விழுது ஒண்ணாவது மண்ணத் தொட்டா, தனி மரம்னு பேசலாம். தொடலேன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அதானே?"

மஞ்சக் கண்ணு ஒரு தரம் மூடித் தெறந்துச்சு. மரமே அதப் பாத்துச்சு.

கெழக்குக் கெளையில ஒரே கொண்டாட்டம். கெளைக்குத் தலைவன் மணிவாயன்னு ஒரு மைனா. அவன் பேச ஆரம்பிச்சா, பழம் தின்னுக்கிட்டிருக்கிறவன்கூட மெல்லுறத நிறுத்திடுவான். நம்ம விழுது மண்ணைத் தொடும் நாள் தொலைவில் இல்லைன்னு மேடைத் தமிழ்ல முழங்கித் தள்ளுனான். பக்கத்துப் புளியமரத்துக் காக்காங்ககிட்ட, எங்கள ஒரு மரமா ஏத்துக்குவீங்களான்னு ஆள் விட்டுக் கேட்டாங்க. மொதல்ல தாய்மரம் உங்கள மரம்னு சொல்லட்டும், அப்புறம் நாங்களும் சொல்றோம்னு நழுவிடுச்சுங்க காக்காங்க.

ஆக, விழுதுதான் கதின்னு ஆச்சு.

மழை பேஞ்சுது. விழுதெல்லாம் கிடுகிடுன்னு எறங்குச்சு. மண்ணுக்கு ஒரு சாண் இருக்கையில நின்னு போச்சு. விடியக்காலையில மூடுபனிக்குள்ள போய்ப் பாத்தா, நுனியெல்லாம் மழுங்கி, வெள்ளையாப் பால் சொட்டிக்கிட்டு இருக்கும். கீழ ஈர மண்ணுல அது உறைஞ்சு கெடக்கும். பனிக்குள்ள எங்கேருந்தோ ஒரு சத்தம் வரும். கறுக்... கறுக்...

பெத்த மரத்த விட்டுப் போறேன்னா சும்மா விடுமா, இது தாய்மரத்துச் சாபம்னு புறாங்க முணுமுணுத்துச்சுங்க. குஞ்சுங்க தூக்கத்துல அலறுச்சுங்க. "சாபத்துக்குப் பல்லு இருக்குமா?"ன்னு கேட்டா வரிச்சி.

அடுத்த விடியக்காலை, இருக்குறதுலயே நீளமான விழுதப் புடிச்சு, தலைகீழா எறங்குனா. மேல பாத்தா கெளையக் காணோம். கீழ பாத்தா மண்ணக் காணோம். பனிக்கு நடுவுல அவளும் அந்த விழுதும் மட்டும். திடீர்னு அவ நகத்துக்குள்ள விழுது நடுங்குச்சு. கீழ யாரோ அதுல வாய் வச்சிருந்தாங்க.

பனி கொஞ்சம் விலகுச்சு. முள்ளு முள்ளா ஒரு முதுகு தெரிஞ்சுது.

முள்ளம்பன்றி நிமிந்து பாத்துச்சு. ஓடல. வாயோரம் பால் ஒழுகுச்சு.

"பயப்படாத பாப்பா. நீ என் தீனி இல்ல."

"ஏண்ணே இப்பிடிப் பண்றீங்க?"

"கூலிக்குத்தான். பொந்துலேருந்து பழம் வருது. உங்க கெளைப் பழந்தான். நல்ல ருசி."

வரிச்சிக்கு அப்பத்தான் வெளங்குச்சு. தாங்க கொட்டுன பழமே தங்க கால அரிக்குது. எங்களால நிக்க முடியாதுன்னா விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே, எதுக்கு இந்த வேலைன்னு கேட்டா. முள்ளம்பன்றி விழுத விட்டுட்டுத் திரும்புச்சு. மெதுவா நடுத்தண்டு வரைக்கும் போயி, அத ஒரு இடி இடிச்சுது. காலி நெல்லுக் குதிர் மாதிரி தொம்முனு கேட்டுச்சு. உள்ள எல்லாம் உளுத்துப் போச்சாம். கெழக்குக் கெளை இலைதான் மொத்த மரத்துக்கும் சோறு போடுதாம்.

"சரி, இந்தப் பனியில எந்த விழுது நீளம்னு உங்களுக்கு எப்பிடித் தெரியுது?"

"உங்க மைனாதான். பொழுது சாய வந்து சீட்டியடிச்சுக் காட்டிட்டுப் போவாரு. விழுது தொங்குற வரைக்குந்தான பாப்பா அவருக்குப் பேச்சு? ஊனிட்டா யாரு கேக்கப் போறா?"

வரிச்சி மேல ஏறி வந்தா. யார்கிட்டயும் மூச்சு விடல. மணிவாயன்கிட்ட மட்டும் போயி, தெக்கால இருக்குற அந்தத் தடிச்ச விழுதுதான் அண்ணே இனிமே நம்ம நம்பிக்கைன்னு கண்ணக் கசக்கிக்கிட்டே சொன்னா. அவனும் உருக்கமாத் தலைய ஆட்டுனான். பொழுது சாய சீட்டிச் சத்தம் கேட்டுச்சு. அதுலேருந்து கறுக் கறுக்கெல்லாம் தெக்கால மட்டுந்தான்.

வடக்கால, உண்ணிச்செடிப் புதருக்குள்ள, நூல் மாதிரி ஒரு விழுது தொங்குச்சு. அத யாரும் ஒரு பொருட்டாவே நெனைக்கல. வரிச்சி ஈரப்பாசியக் கவ்விட்டு வந்து அதச் சுத்தி மறைச்சா. முள்ளு கீறி அவ முதுகுல புதுசா ஒரு கோடே விழுந்துச்சு. கடைசி மழை அன்னைக்கு அத மெல்லப் புடிச்சு இழுத்துப் பாத்தா. வரல. மண்ணு புடிச்சிருந்துச்சு.

நேராப் பொந்து வாசலுக்குப் போனா. கெளையே பின்னால வந்துச்சு. மணிவாயனும் பேச எடம் தேடிக்கிட்டு முன்னால வந்தான். தெக்கு விழுதோட கடிபட்ட நுனிய எல்லாரும் பாக்க வாசல்ல போட்டா வரிச்சி. அதுல இன்னும் பால் கசிஞ்சுது.

"பொந்துக்காரரே, எங்க விழுது தொட்டுடுச்சு. நூல் மாதிரிதான் இருக்கு, ஒரு ஆடு ஒரசுனா அறுந்துடும். அது தூணாகுறதுக்குள்ள கெளைய முறிச்சிட்டு ஓட நாங்க முட்டாளுங்க இல்ல. அதுவரைக்கும் உங்க தண்ணி எங்களுக்கு வேணும், எங்க இலை உங்களுக்கு வேணும். சமமா ஒக்காந்து பேசலாம். ஆனா பழம் இன்னையோட நின்னுச்சு."

மணிவாயன் றெக்கையத் தட்ட எடுத்தான்.

"நீ இருண்ணே. கேள்வி உனக்கும் இருக்கு."

பொந்துக்குள்ள மஞ்சக் கண்ணு ஒண்ணொண்ணா அணைஞ்சுது. வெறும் இருட்டு. அப்புறம் அந்தச் சத்தம். கறுக்... கறுக்... இந்தத் தடவை அது கீழேருந்து வரல. உளுத்துப் போன நடுத்தண்டுக்கு உள்ளேருந்து வந்துச்சு, அது தன்னத்தானே தின்னுக்கிற மாதிரி.

கூட்டம் பின்னால நகந்துச்சு. வரிச்சி மட்டும் இன்னும் ஒரு அடி முன்னால வச்சா.

"காதுல பேசுற வேலையெல்லாம் போதும். வெளிய வாங்க. விழுதக் கடிக்கச் சொன்னது யாரு? காட்டிக் குடுத்தது யாரு? மரம் மொத்தமும் கேக்க, இங்கயே பதில் சொல்லுங்க."

அடுத்தவன் காலக் கடிச்சுக்கிட்டே 'உன்னால தனியா நிக்க முடியாது'ன்னு சொல்றவன், மொதல்ல வாய எடுக்கணும்.